என் வண்டிக்கு மூச்சு கொடுத்தவர்

பின்னாடி அண்டா நிறைய சோறு. அந்தப் பக்கம் பசியோட பொண்ணுங்க. நடுவுல ஸ்டார்ட் ஆகாத வண்டி. அப்படி நடுரோட்டுல தவிச்சு நின்னவ நான். இன்னைக்கு அதே வண்டிய நானே ஓட்டிக்கினு வந்து, சபை வாசல்ல நிறுத்திட்டு, உங்க முன்னாடி நிக்கறேன். என் ஆண்டவர் என்னைத் தலை குனிய விடல. அது எப்படின்னு சொல்றேன், பொறுமையா கேளுங்க. நான் வேகமா பேசுவேன், சண்ட போடற மாதிரி இருக்கும். அது என் வாய் அப்படி. மனசுல ஒன்னும் கெடையாது.

என்னைத் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், என் பேரு எஸ்தர். வல்லம் வடகால் பக்கம் எங்க வூடு. என் வீட்டுக்காரர் சாமுவேல் கம்பெனியில ஷிப்ட் வேல பாக்கறாரு. கல்யாணத்துக்கு முன்னாடி நானும் கம்பெனி லைன்ல நின்னு வேல பாத்தவ தான். சின்னவன் பொறந்ததும் வேலைய விட்டுட்டு சமையல்ல எறங்குனேன். சுங்குவார்சத்திரத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டல் இருக்குது. தூத்துக்குடி, திருநெல்வேலி, தர்மபுரின்னு எங்கெங்கயோ இருந்து வந்து கம்பெனியில வேல செய்யற பொண்ணுங்க தங்கியிருக்காங்க. அவங்களுக்கு மத்தியான சாப்பாடு நம்ம கையால தான். செகண்ட் ஷிப்ட் பொண்ணுங்க சாப்ட்டுட்டு தான் கம்பெனி பஸ் ஏறணும். பஸ் யாருக்காகவும் நிக்காது. அதனால சோறு பஸ்ஸுக்கு முன்னாடி போயிடணும். என் பொழப்பே அந்த ஒரு விஷயத்துல தான் இருந்துச்சு.

அந்தச் சோத்த எடுத்துக்கினு போறது எங்க பழைய பிக்கப் வண்டி. எங்களுக்கு முன்னாடி யார் யாரோ ஓட்டி, டோர்ல நாலு கலர் பெயின்ட் தெரியும். வீட்டுக்காரர் ஷிப்ட்டுக்குப் போயிடுவாரு, டிரைவர் வெச்சா சரியா வர மாட்டான். போங்கடான்னு நானே ஓட்டக் கத்துக்கிட்டேன். லைசென்ஸும் எடுத்தேன். முதல்ல டீக்கடையில உக்காந்துகினு வேடிக்க பாத்தாங்க, அப்புறம் பழகிட்டாங்க. என் கூட லில்லி அக்கா வருவாங்க. உங்களுக்கெல்லாம் தெரியும், முன் வரிசையில உக்காந்து சத்தமா ஜெபம் பண்ற அதே லில்லி அக்கா தான். சமையல்ல எனக்கு வலது கை.

போன வருஷம் ஈஸ்டர் முடிஞ்ச சமயம், எங்க தெருவுல டீசல் திருட்டு ஆரம்பிச்சுது. எங்க சந்துக்குள்ள வண்டி வராது, ரோட்டோரம் தான் நிறுத்தணும். காலையில போய் பாத்தா டேங்க் காலி. அதனால தெனமும் கொஞ்சமா போட்டு ஓட்டிக்கினு இருந்தேன். அப்ப ஒரு கூட்டத்துல என் வீட்டுக்காரருக்கு ஸ்டிக்கர் ஒன்னு கொடுத்தாங்க. வட்டமா, நீலக் கலர்ல, "இயேசு காக்கிறார்"னு போட்டது. அவர் அத எடுத்துக்கினு வந்து டீசல் மூடி மேல வெச்சுப் பாத்தாரு. அளவெடுத்து வெட்டுன மாதிரி கச்சிதமா உக்காந்துச்சு. "திருடன் கைய வெக்கும்போது கண்ணுல படட்டும் எஸ்தரு, பயம் வரும்"னு சொல்லிட்டு, ஜெபம் பண்ணி, ஓரமெல்லாம் நகத்தால தேய்ச்சு ஒட்டுனாரு. எந்த வேல செஞ்சாலும் சுத்தமா செய்யற ஆளு அவரு.

நம்புனா நம்புங்க, அன்னையிலேர்ந்து திருட்டு நின்னுச்சு. இதே எடத்துல நின்னு நான் சாட்சி சொன்னேனே, ஞாபகம் இருக்குதா? எல்லாரும் கை தட்டுனீங்க. நானும் தைரியமா டேங்க் நெறைய டீசல் போட ஆரம்பிச்சேன்.

அப்புறம் தான் வண்டி நிக்க ஆரம்பிச்சுது.

முதல் தடவ ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூர் ரோட்டுல போயிக்கினு இருக்கும்போது நின்னுச்சு. நல்லா தான் போச்சு. திடீர்னு இழுவ இல்ல. ஆக்சிலேட்டர மிதிக்கறேன், மிதிக்கறேன், வண்டி ஏங்குது. அப்படியே ஓரமா ஒதுங்கி உயிர விட்டுச்சு. சாவியத் திருப்புனா கர கரன்னு சத்தம் தான் வருது. கொஞ்ச நேரம் கழிச்சு, என்ன நெனச்சுதோ, தானா ஸ்டார்ட் ஆச்சு. சரி, சூடு ஆயிருக்கும்னு விட்டுட்டேன். ஆனா ரெண்டு நாள் ஓடும், மூணாவது நாள் நிக்கும். டேங்க் நெறைய போட்டா தவறாம நின்னுடும். டீசல்ல தான் கலப்படம்னு பங்க் மாத்தினேன். அப்பவும் நின்னுச்சு. இன்னொரு பங்க் மாத்தினேன். அங்கயும் அதே கதை.

ஒரகடத்துல ரஹீம் பாய்னு ஒரு மெக்கானிக் இருக்காரு. நல்ல மனுஷன், கை சுத்தம். வண்டிய அவர்கிட்ட விட்டேன். ஃபில்டர மாத்துனாரு. ஏர் புடிச்சிருக்கும்னு டீசல் டியூப கழட்டி ஏர் எடுத்தாரு. பம்ப்பப் பிரிச்சு மாட்டுனாரு. அவர் ஓட்டிப் பாத்தா வண்டி சமத்தா ஓடும். என் கையில கொடுத்தா நிக்கும். ஒரு நாள் அவரே தலைய சொறிஞ்சுகினு, "இன்னாமா இது, என் கிட்ட நல்ல புள்ளையா இருக்குது, உன் கிட்ட மட்டும் அடம் புடிக்குது"ன்னாரு. அவர் வெளையாட்டா தான் சொன்னாரு. ஆனா அத டீக்கடைக்காரங்க புடிச்சுக்கிட்டாங்க. "பொம்பள ஓட்டுனா வண்டியும் வெக்கப்படுது"ன்னு ஒருத்தன். "கிளட்ச்சுல கால வெச்சே ஓட்டுதுபா அந்த அக்கா"ன்னு இன்னொருத்தன். என் மச்சினரு வூட்டுக்கே வந்து, "அண்ணி, சமையலோட நிறுத்திக்குங்க, நான் டிரைவர் பாக்கறேன்"னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. கரண்டிய கீழ வெச்சிட்டு உள்ள போயிட்டேன்.

அவமானத்த தாங்கிக்கலாம். ஆனா ஆடி மாசம் ஒரு நாள் நடந்தத என்னால தாங்க முடியல. வண்டி நின்னு, நான் போய் சேரும்போது பஸ் போயிடுச்சு. பொண்ணுங்க வெறும் வயித்தோட வேலைக்குப் போயிட்டாங்க. மறுநாள் போனா, முத்துச்செல்வின்னு ஒரு பொண்ணு கட்டில்ல படுத்திருக்குது. நாசரேத் பக்கத்துப் பொண்ணு, வத்தலும் தொத்தலுமா இருக்கும். லைன்ல நிக்கும்போதே மயங்கி விழுந்துடுச்சாம். நான் போய் பக்கத்துல உக்காந்தேன். அது எழுந்து உக்காந்து என்னையே தேத்துது. "யக்கா, நீங்க அழாதீங்க. காலையிலயும் நான் சாப்பிடல, அதான். வண்டி நின்னா நீங்க என்ன செய்வீங்க?" அதக் கேட்டு எனக்கு இன்னும் அழுகை தான் வந்துச்சு.

ஹாஸ்டல் வார்டன் சாந்தி மேடம் கறாரான ஆளு, ஆனா நியாயமான ஆளு. என்னைத் தனியா கூப்ட்டு சொன்னாங்க: "எஸ்தர், உங்க சாப்பாட்டுல கொற இல்ல. ஆனா பசியோட புள்ளைங்கள அனுப்ப என்னால முடியாது. இன்னொரு தடவ லேட் ஆச்சுன்னா நான் வேற ஆள் பாத்துடுவேன். தப்பா நெனைக்காதீங்க." தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். அவங்க எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்.

வூட்டுக்கு வந்து வண்டிய நிறுத்திட்டு எறங்கல. கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு, வண்டிக்குள்ளயே ஜெபம் பண்ணேன். ஜெபம்னு சொல்றேன், உண்மையில சண்ட. "ஆண்டவரே, திருடன நிறுத்துனீங்க, ஸ்தோத்திரம். ஆனா திருடன நிறுத்த சொன்னா வண்டிய சேத்து நிறுத்துறீங்களே, இது நியாயமா? ஃபில்டர் மாத்தியாச்சு, பம்ப்பு பிரிச்சாச்சு, பங்க்கு மாத்தியாச்சு. இனிமே எங்க போவேன் நான்? அந்தப் பொண்ணு மொகத்த எப்படி பாப்பேன்?" ஸ்டியரிங்கு மேல தலைய வெச்சு அழுது தீத்தேன். அழுது முடிச்சதும் வேற மாதிரி ஒரு ஜெபம் என் வாயில வந்துச்சு. அது வரைக்கும் சரி பண்ணுங்க, சரி பண்ணுங்கன்னு தான் கேட்டுக்கினு இருந்தேன். அன்னைக்கு, "சரி கூட பண்ண வேணாம்பா. எங்க கோளாறுன்னு காமிச்சா போதும். காமிங்க, மீதிய நான் பாத்துக்கறேன்"னு சொன்னேன். மனசு லேசாச்சு. மூஞ்சிய தொடச்சுக்கினு எறங்கிப் போய் அரிசி ஊற வெச்சேன்.

அடுத்த வாரமே அந்த நாள் வந்துச்சு. முன்னாடி நாள் தான் டேங்க் நெறைய டீசல் போட்டிருந்தேன். சாம்பார் சாதம், உருளைக்கெழங்கு பொரியல். லில்லி அக்காவுக்கு என்னமோ மனசுல பட்டு, "எஸ்தரு, இன்னைக்கு சோத்த பார்சலா கட்டிடலாம்டி"ன்னாங்க. எதுக்குக்கா வீண் வேலன்னு நான் மொணங்குனேன். ஆனாலும் கட்டுனோம். இத மனசுல வெச்சுக்குங்க.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டுனோம். அதே எடம் இல்ல, ஆனா அதே ஏக்கம். இழுவ கொறையுது. "வேணாம்டா, வேணாம்டா செல்லம்"னு கெஞ்சறேன். ஓரமா ஒதுங்கி நின்னுடுச்சு. சாவியத் திருப்பறேன், கர கர கர. முடிஞ்சுது. ஹாஸ்டல் போச்சு, பொழப்பு போச்சு, அந்தப் புள்ளைங்க இன்னைக்கும் பட்டினி. எனக்கு அழுக வரல. ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. வண்டிய ஒரு ஒத விட்டேன்.

லில்லி அக்கா அதுக்குள்ள எறங்கி, ரோட்டோரம் முட்டி போட்டுட்டாங்க. லாரிக்காரன்லாம் எட்டிப் பாத்துக்கினு போறான். அக்கா சத்தமா ஜெபம் பண்ணிட்டு, ஹேண்ட்பேக்ல இருந்து ஜெப எண்ணெய் பாட்டில எடுத்தாங்க. நேரா பானெட்டாண்ட போறாங்க.

"யக்கா! இன்னா பண்ற?"

"அபிஷேகம் பண்ணப் போறேன். இன்ஜின்ல ஊத்தறேன், நீ ஸ்டார்ட் பண்ணு."

"ஐயோ, சூடான இன்ஜின்ல எண்ணெய ஊத்தினா பத்திக்கும்கா! நாம ரெண்டு பேரும் நேரா பரலோகம் போயிடுவோம்!"

"அப்ப எங்க தான் ஊத்தறது?"

எனக்கு வந்த கடுப்புல, "டேங்க்ல ஒரு சொட்டு விட்டுக்கோ, போ"ன்னேன். அக்கா விட மாட்டாங்கன்னு தெரியும். நானே போய் அந்த ஸ்டிக்கர் ஒட்டுன மூடியப் புடிச்சு திருகுனேன். சுலபமா வரல. பல்லக் கடிச்சுக்கினு திருகுனேன். மூடி கழண்டுது பாருங்க, "உஸ்ஸ்ஸ்ஸ்"னு ஒரு சத்தம். நாம முங்கி எழுந்து மூச்ச இழுப்போமே, அப்படி டேங்க்கு காத்த இழுத்துச்சு. அக்கா கண்ண மூடி ஒரு சொட்டு எண்ணெய விட்டாங்க. மூடிய போட்டுட்டு ஓடிப் போய் சாவியத் திருப்புனேன்.

கர கர... டர்ர்ர்ர்! ஸ்டார்ட் ஆயிடுச்சு!

"அல்லேலூயா!"ன்னு லில்லி அக்கா கத்துன கத்து காஞ்சிபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். ஏறுக்கா ஏறுன்னு இழுத்துப் போட்டுக்கினு பறந்தேன். ஹாஸ்டல் வாசல்ல போய் சேந்தா, பஸ் நிக்குது. பொண்ணுங்க ஏறி உக்காந்துட்டாங்க. டிரைவர் ஹாரன் அடிக்கறான். எறங்கி சாப்பிட நேரம் இல்ல. ஆனா சோறு பார்சலா இருக்குதே! லில்லி அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பஸ் ஜன்னல் ஜன்னலா பொட்டலத்த கொடுத்தோம். கை கையா நீட்டுது புள்ளைங்க. கடைசி ஜன்னல்ல முத்துச்செல்வி. "யக்கா, வந்துட்டீயளா!"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சுது. சாந்தி மேடம் வாசப்படியில நின்னு பாத்துக்கினே இருந்தாங்க. பஸ் போனதும் உள்ள போய் எனக்கு ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்கினு வந்து கொடுத்தாங்க. அது போதும் எனக்கு.

இத்தோட முடிஞ்சிருந்தா, லில்லி அக்கா எண்ணெய் சாட்சிய போன வருஷமே உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. ஆனா ஆண்டவர் முடிக்கல.

திரும்பி வரும்போது ஸ்ரீபெரும்புதூர் கிட்ட வண்டி மறுபடியும் நின்னுச்சு. லில்லி அக்கா மூஞ்சி தொங்கிப் போச்சு. பாட்டில கவுத்துப் பாத்தாங்க, பஸ்ஸாண்ட பண்ண கலாட்டாவுல மூடி தொறந்து எண்ணெயெல்லாம் பேக்ல கொட்டிடுச்சு. "என் விசுவாசம் பத்தல எஸ்தரு"ன்னு உக்காந்துட்டாங்க. ஆனா எனக்கு உள்ள ஏதோ பொறி தட்டுச்சு. காமிங்கன்னு கேட்டேனே நான்! அப்ப ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடி நாம இன்னா பண்ணோம்? எண்ணெய் விட்டோம். அதுக்கு முன்னாடி? மூடியத் தொறந்தோம்.

எறங்கிப் போய் மூடிய மட்டும் திருகுனேன். "உஸ்ஸ்ஸ்." எண்ணெய் இல்ல, ஒன்னும் இல்ல. மூடியப் போட்டுட்டு சாவியத் திருப்புனேன். பட்டுனு புடிச்சுக்கிச்சு. "அக்கா, எண்ணெய் இல்லக்கா. மூடி! கோளாறு மூடியில கீது! ஆண்டவர் காமிச்சுட்டாரு!" நேரா ஒரகடம் விட்டேன்.

ரஹீம் பாய்கிட்ட அந்த சத்தத்தச் சொன்னதும் கையில இருந்த ஸ்பேனர கீழ போட்டாரு. மூடிய வாங்கி, வெளிச்சத்துல காட்டி, உள் பக்கம் ஊதிப் பாத்தாரு. காத்து போகல. "யா அல்லா"ன்னு நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. "டேங்க்ல டீசல் கொறைய கொறைய, அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும்மா. அதுக்குன்னே மூடியில சின்னதா ஒரு ஓட்ட இருக்கும். அது அடைச்சிருந்தா டீசல் இன்ஜினுக்குப் போவாது. டேங்க் நெறைய இருந்தா உள்ள காத்து கம்மி, வண்டி சீக்கிரமே நின்னுடும். வண்டி நின்னு கொஞ்ச நேரம் ஆனா எப்படியோ காத்து கசிஞ்சு உள்ள போயிடும், மறுபடி ஓடும். நான் மூடியத் தொறக்கும்போதெல்லாம் வண்டி எத்தன நேரம் நின்னு ஆறியிருக்கும், அதான் எனக்கு சத்தமே கேக்கல." அப்புறம் மூடிய திருப்பி என்கிட்ட காட்டுனாரு. ஓட்ட, சரியா அந்த ஸ்டிக்கருக்கு அடியில.

பாய் ஸ்டிக்கர தொடல. மூடிய என் கையில வெச்சு மெதுவா சொன்னாரு: "உங்க சாமி பேரு இது. நான் கிழிக்க மாட்டேன்மா. நீயே எடு." அந்த வார்த்தைக்கு நான் அவர கை எடுத்துக் கும்புட்டேன். ஒரு நிமிஷம் கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு, நகத்தால ஓரத்த நெம்பி, கிழியாம உரிச்சேன். அடியில கடுகளவு ஓட்ட. அத்தன மாசமா என் வண்டி கேட்டது அந்தக் கடுகளவு காத்து தான்.

அன்னைக்கு சாயங்காலம் பாய் பக்கத்துல உக்கார, நான் ஓட்ட, வாலாஜாபாத் வரைக்கும் போயிட்டு வந்தோம். ஒரு எடத்துல கூட ஏங்கல. திரும்பி வரும்போது டீக்கடை முன்னாடி வேணும்னே நிறுத்தி ஹாரன் அடிச்சேன். பாய் தலைய வெளிய நீட்டி, "டிரைவிங்ல கோளாறே இல்லப்பா, நான் தான் இத்தன நாளா மூடியப் பாக்கல"ன்னு கத்துனாரு. கிளட்ச்சுல கால் வெக்கிறேன்னு சொன்னவன் டீ கிளாஸுக்குள்ள மூஞ்சிய மறைச்சுக்கிட்டான். மச்சினருக்கும் சேதி போயிடுச்சு. டிரைவர் பேச்சே அதுக்கப்புறம் எடுக்கல.

வூட்டுக்கு வந்து வீட்டுக்காரர்கிட்ட ஸ்டிக்கரக் காட்டி எல்லாத்தையும் சொன்னேன். பாவம், மனுஷன் இடிஞ்சு உக்காந்துட்டாரு. "ஆண்டவர் பேர ஒட்டுனது தப்பா எஸ்தரு?"ன்னு கேட்டாரு. "பேரு தப்பில்லங்க. ஒட்டுன எடம் தான் தப்பு"ன்னேன். அதுக்கு ரெண்டு பேரும் சிரிச்சோம் பாருங்க, பசங்க ஓடி வந்து என்ன என்னன்னு கேக்கற அளவுக்கு. இப்ப அந்த ஸ்டிக்கர் ஸ்டியரிங்குக்கு நேரா, கண்ணாடிக்குக் கீழ ஒட்டியிருக்குது. டீசல் மூடிக்கு பாய் ஒரு பூட்டு போட்ட மூடி மாட்டுனாரு, ஓட்ட இருக்குதான்னு ஊதிப் பாத்துட்டு தான் மாட்டுனாரு. திருட்டும் இல்ல, நிக்கறதும் இல்ல.

அதுக்கப்புறம் மழைக் காலம் வந்துச்சு, ரோடெல்லாம் தண்ணி நின்னுச்சு, ஒரு நாள் கூட அந்தப் பொண்ணுங்க பசியோட பஸ் ஏறல. பொங்கலுக்கு அப்புறம் சாந்தி மேடமே கூப்ட்டு, காலை டிபனையும் நீயே கொடு எஸ்தர்னு சொன்னாங்க. முத்துச்செல்வி லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்தப்ப எனக்கு ஒரு டப்பா கருப்பட்டி கொண்டாந்து கொடுத்துச்சு. இதெல்லாம் என் தெறமையால நடந்ததில்ல. லில்லி அக்கா முட்டி போட்டாங்க, பாய் கையெல்லாம் கிரீஸாக்கினாரு, ஆண்டவர் கண்ணத் தொறந்தாரு. அவருக்கே எல்லா மகிமையும்.

எனக்கு ஒன்னு புரிஞ்சுது, அத உங்ககிட்ட சொல்லிட்டு உக்காந்துடறேன். என் ஜெபம் மாறிப் போச்சு. முன்னாடியெல்லாம் இத மாத்துங்க, அத மாத்துங்கன்னு ஆர்டர் போடுவேன். இப்ப காமிங்கன்னு கேக்கறேன். உங்க வூட்டுலயும் ஏதோ ஒன்னு நின்னு போயிருக்கும். புருஷன் பொண்டாட்டி பேச்சு நின்னு போயிருக்கும், புள்ள படிப்பு நின்னு போயிருக்கும். எல்லாத்தையும் மாத்திப் பாத்திருப்பீங்க. இன்னைக்கு தைரியமா கேளுங்க, ஆண்டவரே எங்க அடைச்சிருக்குதுன்னு காமிங்கன்னு. அவர் காமிப்பாரு, அதுக்கு நான் சாட்சி. ஆனா அவர் காமிக்கறது நாம ஆசையா, ஜெபம் பண்ணி, ஓரமெல்லாம் தேய்ச்சு ஒட்டுன ஒன்னா கூட இருக்கலாம். அப்பவும் தயங்காம உரிச்சிடுங்க. அவர் கோவிச்சுக்க மாட்டாரு.

ஆராதனை முடிஞ்சதும் நான் சுங்குவார்சத்திரம் போறேன். அந்தப் பக்கம் போறவங்க ஒருத்தருக்கு லில்லி அக்கா பக்கத்துல எடம் இருக்குது, வந்து ஏறிக்குங்க. வண்டி நிக்காது.